கதிர்காமநாதன் இட்ட சிலுவை

மேர்சி ஜெயரட்ணம் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கடதாசியைப் பிழையான உறைக்குள் வைத்தது 1996ஆம் ஆண்டு ஒக்டோபர் நான்காம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணிக்கு. தென் பிரான்சில் ஆல்பி என்னும் பழைய நகரத்தின் நகரசபை மண்டபத்தில் அது நிகழ்ந்தது. ஒக்லாந்தின் கிளென் ஈடனில் உள்ள தம் வீட்டிலிருந்து புறப்படுமுன்பே அவர் நான்கு உறைகளுக்குத் தலைப்பு எழுதி வைத்திருந்தார். முதலாவது பயணச்சீட்டு. இரண்டாவது லூர்து. மூன்றாவது விலாசங்கள். நான்காவதில் "சிறில், இறப்பு" என்று மட்டும் இருந்தது. அந்த நான்காவது உறையை நிரப்புவதற்காகவே அவர் இத்தனை தூரம் வந்திருந்தார். அதற்குரிய கடதாசி, முத்திரையின் மை உலராமல், கைக்கு வந்தும் விட்டது. ஆனால் கை அதை அந்த உறைக்குள் வைக்க மறுத்தது. அவர் அதைப் பயணச்சீட்டு உறைக்குள் திணித்துவிட்டு, சுவரோரமிருந்த வாங்கில் போய் அமர்ந்தார்.

"என்ன மேர்சியக்கா, தலை சுத்துதோ?" என்று கேட்டாள் மரகதம். அவள் மேர்சியின் சின்னம்மாவின் மகள். பத்து வருடமாகப் பாரிஸில் அலுவலகங்களைத் துப்புரவு செய்து பிழைப்பவள். இந்தப் பயணத்தில் மேர்சிக்கு வாயும் காதும் அவள்தான்.

மேர்சியின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

அந்த வியர்வையின் காரணத்தைச் சொல்வதற்கு, மேர்சி யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அவர் 1947இல் மன்னாரில் பிறந்தவர். தகப்பனார் சந்தியோகு பங்குக் கோவிலின் ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகிய மூன்று பதிவேடுகளையும் முப்பது ஆண்டுகள் எழுதியவர். சைவர்கள் எதை எழுதத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி இடுவதைப்போல, சந்தியோகு முதலில் ஒரு சிறு சிலுவை இடுவார். அந்தச் சிலுவையின் கால் நேராக நில்லாது. வலப்பக்கம் வளைந்து, எழுதப்போகும் பெயருக்கு அடிக்கோடாக ஓடும். மேர்சிக்கும், அவருக்குப் பத்து ஆண்டுகள் பிந்திப் பிறந்த ஒரே தம்பி சிறிலுக்கும், மூக்கும் முழியும் வந்ததைப் போலவே அந்தப் பழக்கமும் தகப்பனிடமிருந்து வந்தது. பள்ளிக்கூடக் கொப்பியிலும் வளைந்த கால் சிலுவைதான்.

கணவர் ஜெயரட்ணத்தோடு 1989இல் ஒக்லாந்துக்கு வந்த மேர்சிக்கு ஓர் ஆஸ்பத்திரியின் கோப்பறையில் வேலை கிடைத்தது. நோயாளர் கோப்பொன்று காணாமற்போனால் தேடிப் பிடிக்கும் பொறுப்பு நாளடைவில் அவரிடமே வந்து சேர்ந்தது. "காணாமப் போன கோப்பு எண்டு ஒண்டு இல்லை. பிழையான பேரில இருக்கிற கோப்புத்தான் இருக்கு" என்று வீட்டிலும் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் ஜெயரட்ணம், "அப்ப என்ர மற்றச் சப்பாத்து ஆற்ற பேரில இருக்கு எண்டு ஒருக்காப் பாரும்" என்பார்.

வீட்டிலும் ஒரு பதிவேடு இருந்தது. சந்தியோகு குடும்பத்தின் பிறப்பு இறப்புகள் அனைத்தும் அதில் நீல மையில் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான கடதாசி பின்னால் கோக்கப்பட்டிருந்தது. ஆதாரம் இல்லாத பதிவு ஒன்றே ஒன்றுதான்: தம்பி சிறிலின் மரணம்.

சிறில் 1985இல் பிரான்சுக்குப் போனான். கலியாணமாகி மூன்று வருடம், பிள்ளையில்லை. மனைவி அன்னபாக்கியத்தை மன்னாரில் விட்டுப் போயிருந்தான். 1988 ஜனவரி வரையில் தமக்கைக்கு இருபத்துமூன்று கடிதங்கள் எழுதினான். ஏப்பிரலில், ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரில், ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட நான்கு வரி வந்தது. ஆல்பி நகரில் பெப்ரவரி பதினான்காம் திகதி நெஞ்சுச்சளிக் காய்ச்சலால் மரணம், அடக்கம் முடிந்தது. மன்னாரில் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். படம் போட்ட நினைவு அட்டை அச்சடித்தார்கள். இருபத்தொன்பது வயதுப் பாக்கியம் தாலியைக் கழற்றி வெள்ளை உடுத்தாள். 1990இல் ஊரோடு ஊராக ஓடியபோது அந்த நான்கு வரியும் தொலைந்து போயிற்று.

மேர்சி அவளை 1993இல் மனிதாபிமான விசாவில் ஒக்லாந்துக்கு எடுப்பித்தார். மனுரேவாவில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை; பக்கத்திலேயே ஓர் அறை. கோவில் பாடகர் குழுவில் அவளைக் கண்டவர் நரேந்திரன். அவர் மலேசியத் தமிழர், கத்தோலிக்கர், பாபகூராவில் குடியிருக்கும் மின்வேலைக்காரர், மனைவியை இழந்தவர். நேரே மேர்சியிடம் வந்தார்.

"அக்கா, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. அவங்களக் கட்டிக்கணும்னு நெனைக்கிறேன். நீங்க வேணாம்னு சொன்னா இத்தோட விட்டுடறேன் லா."

வேண்டாம் என்று சொன்னது பாக்கியம்தான். எட்டு மாதம் சொன்னாள். அந்த எட்டு மாதமும் அவளை இழுத்துப் பிடித்து, "செத்தவன் செத்துப்போனான், நீர் இருக்கிறீர்" என்று சம்மதிக்க வைத்தவர் மேர்சி. ஒக்டோபர் இருபத்தாறாம் திகதி திருமணம் என்று முற்றாயிற்று. அப்போதுதான் பங்குச் சாமியார், முதற் கணவர் இறந்தார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்டார். அது இல்லாமல் கோவிலில் தாலி கட்ட இயலாது என்றார். அவர் கேட்டதில் பிழை காண மேர்சியால் முடியவில்லை. சாமியாரின் இடத்தில் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்.

நெடுநாள் நேர்த்திக்கடனான லூர்துப் பயணத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டார். முந்திய ஆண்டு பசிபிக்கில் பிரான்ஸ் நடத்திய அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு ஒக்லாந்தில் பலர் பிரெஞ்சுப் பொருள் என்றாலே தொடுவதில்லை.

"அவன் எங்கட கடலுக்க குண்டு வெடிக்கிறான். நீர் காசு கட்டி அவன்ர ஊருக்குப் போறீர். வேலையிடத்தில சொல்லிப்போடாதையும்" என்றார் ஜெயரட்ணம்.

"நான் குண்டு பாக்கப் போகேல்லை. குழி பாக்கப் போறன்."

புறப்படும் நாளன்று பாக்கியம் வந்து, கைலேஞ்சித் துணியில் முடிந்த ஒரு சிறு பொதியை மேர்சியின் கையில் வைத்தாள். உள்ளே சிறில் கட்டிய தாலி.

"மச்சாள், இதை அவற்ற குழியில தாட்டுவிடுங்கோ. இதைப் பெட்டிக்க வைச்சுக்கொண்டு இன்னொரு கொடிக்குக் கழுத்து நீட்ட எனக்கு ஏலாது."

*

பயணத்தின் கடைசி நாளாகவே ஆல்பி அமைந்துவிட்டது. லூர்தில் செபமாலை நாட்களை முடித்துக்கொண்டு, துலூஸில் ஒரு நாள் தங்கி, மறுநாட்காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் ரயில். அடுத்த நாள் பாரிஸிலிருந்து விமானம்.

ஊர் முழுவதும் சுட்ட செங்கல்லின் நிறம். வீடு, மதில், கடை, ஆற்றின் மேல் நிற்கும் பழைய பாலம் எல்லாமே அந்த ஒரே சிவப்பு. ஒழுங்கைகள் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடம் தராத அளவுக்கு ஒடுங்கியிருந்தன. நடுவில் நின்ற பேராலயத்தைப் பார்த்து மரகதம், "கோவிலோ கோட்டையோ? ஆமிக்காம்ப் மாதிரிக் கிடக்கு" என்றாள்.

முதலில் நகரசபை. மரகதம் ஓகஸ்டிலேயே பாரிஸிலிருந்து தொலைபேசியில் கேட்டிருந்தாள்; அப்படி ஒருவர் பெயர் இல்லை என்றே பதில் வந்தது. நேரில் போனபோதும், மூக்குக்கண்ணாடி அணிந்த எழுதுவினைஞர்ப் பெண் பெயர்ச் சுட்டியைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன பேர் குடுத்தனீர்?" என்று மேர்சி கேட்டார்.

"வேற என்ன, சிறில் எண்டுதான்."

"முழுப்பேர்?"

"எஸ். சிறில்."

"எஸ் எண்டால் என்ன எண்டு சொன்னனீரோ?"

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள். "இஞ்ச தகப்பன்ர பேரையெல்லோ குடும்பப் பேராப் போடுவாங்கள். பத்து வருசம் இந்த நாட்டுப் பாண் திண்டும் எனக்கு மூளை வரேல்லை. சந்தியோகு, சந்தியோகு எண்டு பாக்கச் சொல்லவேணும்."

ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. சந்தியோகு சிறில், 14 பெப்ரவரி 1988. அலுவலகம் மதியத்துக்குப் பூட்டும் நேரம். இரண்டு மணிக்குப் பிறகு வந்தால் பதிவேட்டுப் பக்கத்தின் முழுப் பிரதி தருவதாக அந்தப் பெண் சொன்னாள்.

"பிழையான பேரில இருந்த கோப்பு" என்றார் மேர்சி. வெகு காலத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

அந்த இரண்டு மணித்தியாலமும் அவர் ஊரைச் சுற்றினார். தம்பி இறந்த ஊர் என்ற துக்கம் இல்லாமல் இல்லை. ஆயினும் எட்டு வருடமாகத் திறந்து கிடந்த ஒரு பக்கம் மூடப்போகிறது என்ற ஆறுதல் அதைவிடப் பெரிதாக இருந்தது. பாலத்தின் கீழ் ஆற்றங்கரையில் அமர்ந்து, மரகதம் கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டார்கள். பிறகு பேராலயத்துக்குள் போனார்கள். வெளியே கோட்டையாக நின்றது, உள்ளே தரையிலிருந்து கூரைவரை ஓவியமாக இருந்தது. மேற்குச் சுவர் நிறைய இறுதித் தீர்ப்பு. இறந்தவர்கள் குழிகளிலிருந்து எழுந்து வருகிறார்கள். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. ஆனால் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு புத்தகம் திறந்து கிடக்கிறது. அவரவர் வாழ்க்கை அதில் எழுதியிருக்கிறதாம். மேர்சி கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்த்தார்.

"பாரும் மரகதம், எல்லாற்ற கோப்பும் அவையளிட்டயே கிடக்கு. தேடுற வேலை இல்லை."

"கோப்பு இருக்கு, நீதவானைக் காணேல்லையே?"

உண்மைதான். நடுவில் தீர்ப்பிடும் ஆண்டவர் இருக்க வேண்டிய இடத்தில், பிற்காலத்தில் யாரோ சுவரை உடைத்து வழி வைத்திருந்தார்கள். ஓவியத்தின் நடுப்பகுதியே இல்லை.

"லீவில போட்டார்போல" என்று மரகதம் சொல்ல, மேர்சி அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

இரண்டு மணி கழிந்து பிரதி கைக்கு வந்தது. மரகதம் வாசித்து மொழிபெயர்த்தாள். பெயர் சரி. பிறந்த திகதி சரி. தகப்பன் பெயர் சந்தியோகு, தாய் பெயர் லூர்தம்மா, இரண்டும் சரி. திராட்சைத் தோட்டத் தொழிலாளி. தங்கியிருந்த அறையிலேயே மரணம். மரணத்தை அறிவித்தவர் செல்லத்துரை கதிர்காமநாதன், வயது முப்பத்தொன்று, அதே அறையில் வசிக்கும் நண்பர். அடியில் அவருடைய கையொப்பம், தமிழில்.

மேர்சி கையொப்பத்தைப் பார்த்தார். கதிர்காமநாதன் என்று நிதானமாக எழுதியிருந்தது. அதன் முன்னால் ஒரு சிறு சிலுவை. சிலுவையின் கால் வலப்பக்கம் வளைந்து, அந்தப் பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓடியிருந்தது.

அப்போதுதான் கடதாசி பிழையான உறைக்குள் போனது.

*

வாங்கில் அமர்ந்தபடி அவர் விலாச உறையைத் திறந்து, சிறிலின் கடைசிக் கடிதத்தை எடுத்தார். ஆல்பி விலாசம் அதில் இருந்ததால் கொண்டு வந்தது. கடிதத்தின் தலையில் அதே சிலுவை, அதே வளைவு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே கோடாகத் தெரியும்போல் இருந்தது.

"மரகதம், கதிர்காமநாதன் எண்டவன் வேதக்காரனோ?"

"பேரைப் பாத்தால் தெரியேல்லையே, சுத்தச் சைவம்."

"சைவக்காரன் கையெழுத்துப் போடேக்க சிலுவை போடுவானோ?"

மரகதம் இரண்டு கடதாசிகளையும் வாங்கிப் பார்த்தாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

கடைசிக் கடிதத்தை மேர்சி எட்டு வருடத்தில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறார். "என் அகதி விண்ணப்பத்தை முற்றாக மறுத்துவிட்டார்கள். திருப்பி அனுப்பப் போவதாகச் சொல்கிறார்கள். என்னோடு அறையில் இருக்கும் பொடியனுக்குப் பத்து வருட வதிவிட அட்டை கிடைத்துவிட்டது. அவன் கொடுத்து வைத்தவன்." அழுது அழுது வாசித்த வரிகள். இப்போது அதே வரிகளை மரகதத்துக்கு வாய்விட்டு வாசித்தார்.

"அப்ப செத்தது அந்தப் பொடியன்" என்றாள் மரகதம் மெல்ல. "இவன் தன்ர கடதாசியைப் பிணத்துக்குக் குடுத்துப்போட்டு, அவன்ர அட்டையை எடுத்திட்டான். வெள்ளைக்காரனுக்கு எங்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தானே. பேரை மாத்தினவனுக்குச் சிலுவையை மாத்த நினைவு வரேல்லை."

"அது நினைச்சுப் போடுறதில்லை. கை போடுறது."

மரகதம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேர்சியக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. வந்த அலுவல் முடிஞ்சுது. முத்திரை குத்தின பேப்பர் கையில இருக்கு. பேசாமக் கொண்டுபோய்ச் சாமியாரிட்டக் குடுங்கோ. இருபத்தாறாம் திகதி அவளுக்கு ஒரு வாழ்க்கை. எட்டு வருசம் ஒரு வரி எழுதாதவன் உயிரோட இருந்தால் என்ன, இல்லாட்டி என்ன?"

மேர்சி எழுந்தார். "முதல் குழியைப் பாப்பம்."

மயானம் ஊரின் ஓரத்தில் இருந்தது. காவலாளி, கையில் பூவாளியோடு நின்ற கிழவர், பெயரைக் கேட்டதும் முன்னே நடந்தார். கல் எளியது, மேலே சிலுவை, கீழே சந்தியோகு சிறில் என்ற பெயரும் ஆண்டுகளும். கல்லின் அடியில் ஒரு தகர மூடி கிடந்தது. அதன் மேலே கல்லில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. மரகதம் குனிந்து மூடியை எடுத்து மணந்தாள்.

"கற்பூரம்." அவள் நிமிர்ந்தாள். "வேதக்காரர்ர கல்லறையில ஆர் அக்கா கற்பூரம் கொளுத்திறது?"

"உள்ளுக்க கிடக்கிறவன் ஆர் எண்டு தெரிஞ்சவன்."

இலவசக் குழிகளை ஐந்து வருடத்தில் கிளறி எலும்பை எடுத்துவிடுவார்கள் என்றும், இதை மட்டும் ஒருவர் எழுதி வாங்கி வைத்திருக்கிறார் என்றும் காவலாளி சொன்னார். செல்லத்துரை என்ற ஐயா. வருடத்துக்கு ஒருமுறை, பெப்ரவரியில் வருவார். எங்கிருந்து வருகிறார் என்று தெரியாது. இந்த வருடமும் வந்தார். கூடவே ஆறேழு வயதில் ஒரு பெண்பிள்ளை. குளிரில் நிற்க மாட்டாமல், "பப்பா, போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்ததாம்.

மரகதம் இதைக் குனிந்த தலையோடு மொழிபெயர்த்தாள்.

மேர்சி கைலேஞ்சிப் பொதியை எடுத்தார். கல்லின் அருகே மண் இளகித்தான் இருந்தது. விரலால் கிண்டினாலே போதும். பொதியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பெண்ணின் தாலியை, அவள் முகத்தைக்கூடக் கண்டிராத ஓர் அந்நியன் மேல் புதைப்பது எந்தப் பதிவேட்டில் சேரும்? பொதி மீண்டும் கைப்பைக்குள் போனது. மண்ணைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, அந்த மனிதனுக்கு அது உகந்ததோ என்று ஐயுற்று, கைகூப்பி ஒரு கும்பிடும் போட்டார்.

ஐந்து மணி ரயிலில் இருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். துலூஸ் வரும்வரை மேர்சி சொன்னது ஒன்றுதான்.

"அந்தப் பொடியன்ர வீட்டுச் சனத்துக்கு அவன் இன்னும் உயிரோட இருக்கிறான், மரகதம்."

*

திங்கட்கிழமை மேர்சி ஒக்லாந்தில் இறங்கினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, கணவரிடமும். அந்த வாரம் ஆஸ்பத்திரிக் கோப்பறையில் மூன்று கோப்புகள் இடம்மாறின. மூன்றும் அவர் கையால். சாமியார் ஒருமுறை தொலைபேசியில் கேட்டார். பிரதி கிடைத்துவிட்டது என்று மேர்சி சொன்னார். அது பொய் இல்லை.

ஒக்டோபர் பதின்மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் வந்தாள். நரேந்திரன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார். முந்தின நாள்தான் பொதுத்தேர்தல். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை என்று தொலைக்காட்சி ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க, ஜெயரட்ணம் முன்னறையில் அதன் முன்னால் இருந்தார்.

பாக்கியம் திருமணச் சட்டைக்கு எடுத்த துணியைக் குசினி மேசையில் விரித்தாள். இளம் நீலம். "வெள்ளை வேண்டாம் எண்டு அவர் சொன்னவர். எட்டு வருசம் உடுத்தது காணுமாம்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தாட்டனீங்களோ, மச்சாள்?" என்று கேட்டாள்.

மேர்சி கைலேஞ்சிப் பொதியைத் துணியின் மேல் வைத்தார்.

"ஏன் திருப்பிக் கொண்டு வந்தனீங்கள்? குழியைக் காணேல்லையோ?"

"குழி இருக்கு. அதுக்க கிடக்கிறது சிறில் இல்லை."

பதிவுப் பிரதியையும் கடைசிக் கடிதத்தையும் பக்கம் பக்கமாக வைத்தார். விளக்கம் சொல்ல வாய் எடுத்தார். தேவைப்படவில்லை. பாக்கியத்தின் சுட்டுவிரல் கடிதத்துச் சிலுவையின் மேல் சென்று, அதன் வளைவோடு மெல்ல ஓடி, பிறகு பிரதியிலிருந்த சிலுவையில் வந்து நின்றது.

"இது அவற்ற கை."

"ஓம்."

"அவர் இருக்கிறார்."

"இந்தப் பெப்ரவரியும் குழிக்கு வந்தவராம்."

முன்னறையில் தொலைக்காட்சி நின்றது. ஜெயரட்ணம் வாசலில் வந்து நின்றார்.

"அப்ப எட்டு வருசம் நான் ஆருக்கு வெள்ளை உடுத்தனான்?" பாக்கியத்தின் குரல் உயரவில்லை, நேரம் கேட்பதுபோல் கேட்டாள்.

"கதிர்காமநாதன் எண்ட ஒரு பொடியனுக்கு."

மேர்சிக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதை மட்டும் விட்டுவிடலாம் என்று ஆறு நாளும் எண்ணியிருந்தார். ஒரு வரியை விட்டு எழுதிய பதிவும் பொய்ப் பதிவுதான். "வரேக்க கையில ஒரு பொம்பிளைப் பிள்ளையாம். பப்பா எண்டு கூப்பிட்டதாம்."

"எத்தனை வயது?"

"ஆறேழு இருக்கும் எண்டார் காவலாளி."

பாக்கியம் மனதுக்குள் எதையோ கணக்கிட்டாள். அவளுடைய உதடுகள் அசைந்தன. பிறகு எழுந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஒன்றும் கழுவாமல் ஓடும் நீரின் கீழ் கையைப் பிடித்தபடி நின்றாள். மேர்சிதான் போய்க் குழாயைப் பூட்டினார்.

ஜெயரட்ணம் செருமினார். "நான் குறுக்க கதைக்கிறன் எண்டு நினையாதையும், பாக்கியம். அந்தக் கடதாசி சட்டப்படி சரியான கடதாசி. சாமியாரிட்டக் குடுத்தால் அலுவல் முடிஞ்சுது. இந்தக் குசினிக்க நிக்கிற மூண்டு பேருக்கும் பாரிஸில ஒருத்திக்கும்தான் தெரியும்."

பாக்கியத்தை எட்டு மாதம் கட்டாயப்படுத்திய வாய் மேர்சியுடையது. இனி அதற்கு உரிமை இல்லை. பிரதியை மட்டும் எடுத்துப் பாக்கியத்தின் கையில் கொடுத்தார்.

பாக்கியம் அதிலிருந்த கையொப்பத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தப் பொடியனுக்கு ஒரு தாய் இருந்திருப்பாதானே, மச்சாள். காணி வித்து அனுப்பியிருப்பா. இண்டைக்கும் தபால்காரனைப் பாத்துக்கொண்டு நிப்பா. நான் இந்தக் கடதாசியைக் காட்டிக் கலியாணம் கட்டினால், அந்த மனுசியின்ர பிள்ளை இன்னொருக்காச் சிறிலாச் சாவான். ஒருக்காச் செத்தது காணும்."

ஐந்து மணிக்குக் கார் வந்தது. பாக்கியம் போய் முன்னிருக்கையில் ஏறினாள். கார் புறப்படவில்லை. நாற்பது நிமிடம் அது தெருவில் நின்றதை மேர்சி சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நரேந்திரன் மட்டும் இறங்கி வந்தார்.

"அந்தப் பேப்பரக் காட்டிக் கோயில்ல கட்டிக்க முடியாதுன்னு அவங்க சொல்லிட்டாங்க. பழைய கல்யாணத்த ரத்து பண்ண கோர்ட்டுல மனு போட்டா எத்தன நாளாகும்னு யாரையாச்சும் கேக்கணும்" என்றார். வாசற்படியில் நின்று சப்பாத்தைப் பார்த்துக்கொண்டார். "நான் இருக்கேன், அக்கா. எங்கயும் போயிட மாட்டேன். ஆனா அந்த ஆளு எப்படி லா அப்படிச் செஞ்சான்?"



இருபத்தாறாம் திகதி திருமணம் நடக்கவில்லை. அன்று மேர்சி வீட்டுப் பதிவேட்டைத் திறந்து, சிறிலின் மரணப் பதிவை அழிக்காமல், அதன் எதிரே சிவப்பு மையில் "பிழை" என்று எழுதித் திகதியிட்டார். சந்தியோகு குடும்பத்துக்கு ஒட்டோ உறவோ இல்லாத ஒரு பெயரை அடுத்த பக்கத்தில் புதிதாகச் சேர்த்தார். செல்லத்துரை கதிர்காமநாதன்; மரணம் 14.2.1988, ஆல்பி, ஊர் தெரியாது. ஆதாரமாகக் கோக்கப்பட்டது அதே பிரதிதான். தாலிப் பொதியையும் பாக்கியம் அந்தப் பதிவேட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். கொழும்பு, பாரிஸ், லண்டன் தமிழ்ப் பத்திரிகைகளில் கதிர்காமநாதனின் குடும்பத்தாரைத் தேடும் அறிவித்தல் வெளிவந்தது. ஒவ்வொரு சொல்லும் மேர்சி எழுதியது. தை மாதம் முடியும்வரை பதில் வரவில்லை.

1997 பெப்ரவரி பதினான்காம் திகதி மாலைப் பூசையில் மன்றாட, இறந்த ஒருவருக்கான கருத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. பீடத்தில் நின்ற ஐரிஷ் சாமியார் பெயர் எழுதிய துண்டை எடுத்து வாசிக்க முயன்றார். "கத்திரி" என்று தொடங்கி நின்றார். மீண்டும் தொடங்கி, நடுவில் தொலைந்தார். மூன்றாம் முறையும் பெயர் உடைந்தது. அடுத்த வரிக்குப் போக அவர் தலையெடுத்தபோது, இரண்டாம் வாங்கில் வெள்ளைச் சேலையுடன் இருந்த பாக்கியம் எழுந்து நின்றாள். ஒரு பூசைக்கு நடுவில் எவரும் அப்படி எழுந்து நின்றதை மேர்சி கண்டதில்லை.

"கதிர்காமநாதன், சாமி" என்றாள் கோவில் முழுவதும் கேட்கும்படி. "செல்லத்துரையின்ர மகன் கதிர்காமநாதன்."

சாமியார் அதைத் திருப்பிச் சொல்லும்வரை அவள் உட்காரவில்லை.